ஷூ ஏன் கடிக்கிறது?

திருவொற்றியூரிலிருந்து எண்ணூருக்குப் போகும் கடலோரச் சாலையில் மாலை நேரத்தில் சற்று நின்று பாருங்கள். ஆலைகளில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வருவார்கள். முகங்களை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் கவனியுங்கள். பலருடைய காலில் ஒரே மாதிரியான கனத்த கறுப்பு ஷூ இருக்கும். பேருந்துக்காகக் காத்திருக்கும்போது ஒருவர் நாடாவைத் தளர்த்திக் குதிகாலை வெளியே எடுத்துக்கொண்டு நிற்பார். இன்னொருவர் பையிலிருந்து ரப்பர் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு ஷூவைக் கையில் தூக்கிக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "ஷூ கடிக்குது, தம்பி" என்பார்.

பல் இல்லாத பொருள் எப்படிக் கடிக்கும்? சிரிக்க வேண்டாம், இது விடை காண வேண்டிய கேள்விதான். உங்களில் சிலர் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேரப் போகிறீர்கள். பட்டறைக்குள் நுழையும் முதல் நாளே இந்த ஷூ உங்கள் காலுக்கும் வந்துவிடும். துறைமுகத்திலோ வார்ப்பாலையிலோ வேலை செய்யும் அப்பாவின் காலில் அது இப்போதே இருக்கலாம். "சைஸ் என்ன?" என்று கேட்பார்கள். "எட்டு" என்று சொல்வீர்கள். அத்துடன் பேச்சு முடிந்தது! ஆனால் அந்த ஒற்றை எண் உங்கள் பாதத்தைப் பற்றி எவ்வளவு சொல்கிறது?

இருபத்தாறு எலும்புகள்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. இரண்டு பாதங்களுக்கும் சேர்த்து 52. மனித உடலின் மொத்த எலும்புகள் 206 என்று படித்திருப்பீர்கள். அதாவது, கால் பங்கு எலும்புகள் காலடியிலேயே கிடக்கின்றன! இவற்றைப் பிணைக்க 33 மூட்டுகள். மூட்டுகளைக் கட்டிப்போட ஏராளமான நார்க்கட்டுகள்.

இந்த எலும்புகள் செங்கல் அடுக்கியதுபோல் தட்டையாக அடுக்கப்படவில்லை. பாலத்தின் வளைவைப்போல் வளைந்து நிற்கின்றன. உட்பக்கம் நீளவாக்கில் ஒரு வளைவு, வெளிப்பக்கம் அதைவிடத் தாழ்வான ஒரு வளைவு, குறுக்குவாக்கில் இன்னொன்று. உடல் எடை இறங்கும்போது இந்த வளைவுகள் சற்றே அமுங்கும். எடை நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும். லாரியின் பட்டை வில் வேலை செய்கிறதல்லவா, ஏறத்தாழ அதே வேலைதான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை கிடைக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது உள்ள பாதமும் நிற்கும்போது உள்ள பாதமும் ஒரே அளவல்ல. நின்றால் பாதம் சில மில்லிமீட்டர் நீளும், அகலும். நாள் முழுதும் நின்றால் கீழ்நோக்கி இறங்கும் நீர் தேங்கிப் பாதம் வீங்கும். வெயில் காலத்து எண்ணூரில், உலைக்கு அருகே நிற்பவர் பாதத்தைக் கேட்கவே வேண்டாம். காலை பத்து மணிக்குக் கடையில் உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்து வாங்கிய ஷூ, மாலை நான்கு மணிக்கு வேறொரு பாதத்தைச் சந்திக்கிறது!

1912-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் எட்வர்டு மன்சன் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். படைவீரர்களில் மிகப் பலர் தங்கள் பாதத்துக்குக் குட்டையான ஷூக்களை அணிந்திருப்பதை அவர் கண்டார். முதுகில் 40 ராத்தல், அதாவது சுமார் 18 கிலோ, சுமையை ஏற்றி, முழு எடையையும் ஒரு காலில் தாங்கி நிற்க வைத்துத்தான் ஷூ அளவு பார்க்க வேண்டும் என்பது அவர் முறை. மூட்டை சுமப்பவருக்கும் பொருந்தும் முறை இது. ஆனால் எந்தக் கடையில் இப்படிப் பார்க்கிறார்கள்?

பார்லி மணியில் பிறந்த எண்

இனி அந்த "எட்டு" என்ற எண்ணுக்கு வருவோம். நம் கடைகளில் வழங்குவது பிரிட்டிஷ் அளவு. பழைய ஆங்கில வழக்கில் மூன்று பார்லி மணிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம். ஒரு மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஷூ அளவின் ஒரு படி ஆயிற்று. மில்லிமீட்டரில் 8.47. (நம்மவர்களும் சளைத்தவர்களல்லர். எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்பது பழைய தமிழ்க் கணக்கு. தானியத்தால் அளப்பது உலகப் பொதுவழக்கம்போலும்!)

குழந்தைகள் அளவு 4 அங்குலத்தில் பூஜ்யமாகத் தொடங்கி 13 வரை ஏறும். பிறகு மறுபடி 1 என்று ஆரம்பித்துப் பெரியவர்கள் அளவு வரும். கணக்குப் போடுங்கள்: 4 அங்குலம், அதனுடன் 13 பார்லி மணி, அதனுடன் 8 பார்லி மணி. மொத்தம் 11 அங்குலம், அதாவது 27.94 செ.மீ. ஐரோப்பாவின் பிற நாடுகளில் வழங்கும் முறையில் ஒரு படி என்பது செ.மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே இதே ஷூவின் எண் 42. 42-ஐ 2-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 28 செ.மீ. இரண்டும் ஏறத்தாழ ஒன்றேதான்.

ஆனால் 28 செ.மீ. என்பது உங்கள் பாதத்தின் நீளமன்று. ஷூவைத் தைப்பதற்கு உள்ளே வைக்கும் கால் அச்சின் நீளம். தொழிலில் இதை ‘லாஸ்ட்’ என்பார்கள். முன்பு மரக்கட்டையில் செதுக்கினார்கள். இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். விரல்களுக்கு முன்னால் இடம் வேண்டும் என்பதால் அச்சு பாதத்தைவிட ஒன்றரை செ.மீ. வரை நீளமாக இருக்கும். எவ்வளவு நீளம் என்பது செய்பவர் விருப்பம். ஒரு நிறுவனத்தின் எட்டு இன்னொரு நிறுவனத்தின் எட்டைப்போல் இல்லாததற்கு இதுவே காரணம்.

அது போகட்டும். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்த எண் நீளத்தை மட்டுமே சொல்கிறது. அகலத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை!

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒருவருடைய பாதம், விரல்களின் அடிமூட்டுப் பக்கம், அவர் நீளத்துக்குச் செய்யப்பட்ட ஷூவைவிட 6 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் என்ன செய்வார்? "ஒரு சைஸ் பெரிசா எடுத்துக்கோங்க" என்பார். ஒரு படி ஏறினால் நீளம் எட்டரை மி.மீ. கூடும், அகலமோ ஏறத்தாழ 2 மி.மீ.தான் கூடும். ஆகவே 6 மி.மீ. அகலம் கிடைக்க மூன்று படி ஏற வேண்டும். அப்போது நீளம் 25 மி.மீ. அதிகமாகிவிடும். ஓர் அங்குலம்! பக்கவாட்டில் சரியாக இருக்கும் ஷூ, குதிகாலில் கழன்று கழன்று மாட்டும். ஒவ்வோர் அடிக்கும் தோல் உராயும். உராய்ந்த இடத்தில் மேல்தோலின் அடுக்குகள் பிரிந்து, இடையில் நீர் சேரும். அதுவே கொப்புளம். ஷூ "கடிப்பது" இப்படித்தான். நாள்பட்ட அழுத்தம் இருந்தால் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. அதைக் காய்ப்பு என்றும், ஒரே புள்ளியில் உள்நோக்கி வளர்ந்தால் கால் ஆணி என்றும் சொல்கிறோம்.

எஃகு நெகிழாது

"புது ஷூ அப்படித்தான் இருக்கும், போடப் போட இளகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பள்ளிக்குப் போடும் தோல் ஷூவுக்கு இது ஓரளவு உண்மை. ஆலை ஷூவுக்கு இது செல்லாது. அதன் முனையில், தோலுக்கு அடியில், எஃகால் ஆன ஒரு தொப்பி இருக்கிறது. எஃகு எத்தனை நாள் போட்டாலும் இளகாது.

இந்தத் தொப்பி எதற்கு? ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தரத்தின்படி சேஃப்டி ஷூவின் முனை 200 ஜூல் ஆற்றலுள்ள அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடைக்கட்டி ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம். பொருண்மை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கி நீங்களே சரிபார்க்கலாம். சோதனையின்போது ஷூவுக்குள் விரல்கள் இருக்கும் இடத்தில் களிமண் உருளை ஒன்றை வைத்து, அதன்மேல் அடி விழச் செய்வார்கள். பிறகு நசுங்கிய களிமண்ணின் உயரத்தை அளப்பார்கள். 42 எண் ஷூவானால் குறைந்தது 14 மி.மீ. மிஞ்ச வேண்டும். அந்த 14 மி.மீட்டரில்தான் ஒருவருடைய கால்விரல்கள் பிழைக்கின்றன.

இப்போது முன்பு சொன்ன கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அகலத்துக்காக மூன்று படி பெரிய ஷூ வாங்கியவரின் விரல்கள் தொப்பிக்குக் கீழே ஆழமாக இருக்குமா? இருக்காது. ஷூவின் முன்பகுதி காலியாகக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் பின்தங்கி நிற்கும் சுண்டுவிரல் தொப்பியின் விளிம்புக்கே வந்துவிடலாம். நடக்கும்போது ஷூ ஓரிடத்தில் மடங்கும், பாதம் வேறோரிடத்தில் மடங்கும். ஏணியில் இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கும். பாதுகாப்புக்கென்று போட்ட ஷூவே தடுமாற வைக்கும்.

சரியாக இதே தொல்லையைப் படும் இன்னொரு கூட்டம், எண்ணூருக்கு வெகு தொலைவில், பனிமலையில் இருக்கிறது! காஷ்மீரத்தின் குல்மார்க்கிலும் உத்தராகண்டின் அவுலியிலும் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். அந்த விளையாட்டுக்கான பூட்ஸின் மேலோடு கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே மெத்தென்ற உறை ஒன்று தனியாக இருக்கும். மேலோடு நெகிழாது. ஆகவே அந்தத் தொழிலில் ஊகத்துக்கு இடமில்லை. பாதத்தின் நீளத்தைச் செ.மீட்டரில் அளந்து அப்படியே பூட்ஸின் எண்ணாக வைக்கிறார்கள். முன்பாதத்தின் அகலத்தையும் மி.மீட்டரில் தனியாகச் சொல்கிறார்கள். இதற்கு மாண்டோபாயிண்ட் முறை என்று பெயர். 260/100 என்று எழுதியிருந்தால் 260 மி.மீ. நீளமும் 100 மி.மீ. அகலமும் உள்ள பாதத்துக்கு உரியது என்று பொருள். அச்சின் அளவன்று, பாதத்தின் அளவு. பார்லி மணியைவிட இது எவ்வளவோ நேர்மையான கணக்கு! பல நாட்டுப் படைகளும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. விளையாட்டுக்குக் கிடைத்த இந்த மரியாதை வேலை செய்பவர் காலுக்கும் கிடைத்தால் என்ன?

யாருடைய பாதம் இது?

நம் ஊர்ப் பாதங்கள் இயல்பிலேயே அகலமானவையா? காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வெறுங்காலுடன் வலை இழுப்பவர்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். விரல்கள் விசிறிபோல் விரிந்திருக்கும். 2009-ல் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தென்னிந்தியாவில் வாழ்நாள் முழுதும் வெறுங்காலுடன் நடந்தவர்களின் பாதங்களைச் செருப்பு அணிபவர்களின் பாதங்களுடன் ஒப்பிட்டார்கள். வெறுங்கால் பாதம் அகலமாக இருந்தது. நடக்கும்போது அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பரவியது.

இன்னொரு ஆய்வு கர்நாடகத்தில் நடந்தது. ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களைப் பதிவு செய்து 1992-ல் முடிவை வெளியிட்டனர். பாத வளைவு இல்லாத தட்டைப்பாதம், காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதத்தினரிடமும், அணியாதவர்களில் 2.8 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. அதிலும் முன்பக்கம் மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அதிகம். அதற்காக, வெறுங்காலே மேல் என்று யாரும் வார்ப்பாலைக்குள் நுழைந்துவிடக் கூடாது! உருகிய இரும்புக்குப் பாத வளைவைப் பற்றிக் கவலை இல்லை.

நாட்டு மக்கள் அனைவருக்குமாகச் சேர்த்து அளந்து பார்த்தவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். அடையாற்றில் 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை ஒரு பெரிய கணக்கெடுப்பை நடத்தியது. ஐந்து மண்டலங்கள், 79 இடங்கள், 1,01,880 பேர். முப்பரிமாணத்தில் பாதத்தைப் பதிவு செய்யும் கருவிகளைக் கொண்டு அளந்தார்கள். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று தனித்தனி அளவுகள் வேண்டியிருக்குமோ என்ற ஐயம் முதலில் இருந்தது. தேவையில்லை, ஒரே முறை போதும் என்று தெரிந்தது. பாத வளர்ச்சி பெண்களுக்கு 11 வயதை ஒட்டியும் ஆண்களுக்கு 15, 16 வயதிலும் உச்சத்தை அடைகிறது என்றும் கண்டார்கள். இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது. அகலம் போதாததால் நம் மக்கள் தேவைக்கு மேல் நீளமான காலணிகளை வாங்குகிறார்கள் என்பது அவர்கள் முடிவு. நாம் மேலே போட்ட கணக்கேதான்! பச்சிளங் குழந்தை முதல் பெரியவர் வரை எட்டுத் தொகுதிகளாகப் பிரித்து, பாரதம் என்ற பெயரின் முதலெழுத்தைக் கொண்டு ‘பா’ என்ற புதிய அளவு முறையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள்.

அந்த எட்டில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனித் தொகுதி இருப்பது கவனிக்கத்தக்கது. பெண்களின் குதிகால், முன்பாதத்தை ஒப்பிட்டால், ஆண்களுடையதைவிட ஒடுங்கியது. ஆண்கள் ஷூவிலேயே சிறிய எண்ணை எடுத்து ஆலையில் வேலை செய்யும் அக்காவிடம் நீட்டினால், முன்னால் பொருந்தினாலும் பின்னால் பொருந்தாது.

வலி இல்லாத கால்

கடிக்கும் ஷூவைவிட ஆபத்தானது, கடிப்பது தெரியாத ஷூ.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், அறுவை மருத்துவராகி 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதத்தில் ஏன் ஆறாத புண்கள் வருகின்றன என்று ஆராய்ந்தார். நோயால் சதை தானாக அழுகுகிறது என்று அதுவரை நம்பினார்கள். உண்மை அதுவன்று. நரம்பு உணர்விழந்த பாதம் வலியை அறியாது. நாம் என்றால் கடிக்கும் செருப்பை நொண்டியாவது விலக்குவோம். அவர்கள் அதே இடத்தில் மேலும் மேலும் அழுத்தி நடந்தார்கள். மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்னும் நுண்துளை ரப்பரால் ஆன மென்மையான செருப்பு இந்த அழுத்தத்தைப் பரப்பிக் குறைத்தது.

இன்று இதே கதை நீரிழிவு நோயாளிகளிடம் திரும்ப நடக்கிறது. பல ஆண்டு நீரிழிவு பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். ராயபுரத்தில் 1954-ல் டாக்டர் எம். விசுவநாதன் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனையில் பாதங்களுக்கென்றே தனிக் கவனம் உண்டு. அங்குள்ள மருத்துவர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தத்தைக் குறைக்கும் உள்தகடு பொருத்திய காலணிகளை அணிந்த நோயாளிகளுக்கு, சாதாரணக் காலணி அணிந்தவர்களைவிடப் புதிய புண்கள் குறைவாகவே வந்தன.

பாதம் மரத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழை போதும். சரியாக 10 கிராம் விசையில் வளையும்படி அதைச் செய்திருக்கிறார்கள். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் வைத்து அழுத்துவார்கள். இழை வளைந்த பிறகும் "தொட்டீர்களா?" என்று நோயாளி கேட்டால், அவர் இனிமேல் உணர்வை நம்பி ஷூ வாங்கக் கூடாது. மரத்த காலுக்கு இறுக்கமான ஷூதான் "சரியாக இருக்கிறது" என்று தோன்றும். அது ஒன்றுதான் ஓரளவு உணர்வில் படும்! நீரிழிவு உள்ள அப்பாவோ மாமாவோ எஃகு முனை ஷூ அணிந்து வேலைக்குப் போகிறவரானால், இரவில் அவர் காலைக் கழுவித் துடைத்ததும் விரல் இடுக்குகளையும் விரல் முட்டுகளின் மேற்புறத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். சிவந்த தடம் இருந்தால் அங்கே எஃகு தொடுகிறது என்று பொருள். அடுத்தது மருத்துவரிடம் போவதுதான். ஆணியைப் பிளேடால் சீவக் கூடாது.

அளந்து பாருங்கள்

தேவையானவை: வெள்ளைத்தாள், பென்சில், அளவுகோல், ஒரு சுவர். நேரம்: மாலை. வேலைக்குப் போடும் காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். தாளைச் சுவரை ஒட்டித் தரையில் விரித்து, குதிகால் சுவரைத் தொடும்படி நின்று, எடை முழுவதையும் அந்தக் காலில் போடுங்கள். குனிந்து நீங்களே வரையாதீர்கள், எடை மாறிவிடும். நண்பர் பென்சிலை நேராகப் பிடித்து வரையட்டும். சுவரிலிருந்து மிக நீண்ட விரல் வரை நீளம். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கும். அதையே கணக்கில் எடுக்க வேண்டும். பெருவிரலின் அடிமூட்டுப் புடைப்பிலிருந்து சுண்டுவிரலின் அடிமூட்டுப் புடைப்பு வரை அகலம். மி.மீட்டரில் எழுதினால் உங்களுடைய மாண்டோபாயிண்ட் கிடைத்துவிட்டது. மற்றக் காலையும் அளக்க மறக்காதீர்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும்.

ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் வைத்து எடுத்தால் வளைவு தெரியும். குதிகாலையும் முன்பாதத்தையும் மெல்லிய பட்டை மட்டும் இணைத்தால் உயர்ந்த வளைவு. முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப்பாதம். தட்டைப்பாதம் நோயன்று. வலி இல்லாதவரை யாரும் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. உயர்ந்த வளைவு உள்ளவர் மேற்பாதம் ஷூவின் நாடாப் பகுதியில் அழுந்தும். அதை மட்டும் போடும்போது கவனித்தால் போதும்.

சாதாரண ஷூவில் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எஃகு முனையில் அந்த வித்தை பலிக்காது. பனிச்சறுக்குக் கடைக்காரர்களின் உத்தியைக் கையாளலாம். நாடாவை முழுதும் தளர்த்தி, விரல்கள் முன்னால் தொடும்வரை பாதத்தைத் தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஓர் ஆட்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் ஷூ குட்டை. இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் நீளம். அகலத்துக்கு, உள்தகட்டை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதத்தின் சதை இரு பக்கமும் வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு உரியதன்று, எண் என்னவாக இருந்தாலும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், உள்தகட்டைத் திரும்ப வைத்து ஷூவை மாட்டுங்கள். குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பாதத்தைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு நாடாவைக் கட்டுங்கள். கையில் ஒரு வாளித் தண்ணீருடன் நான்கு படி இறங்கிப் பாருங்கள். பிறகு குந்தி உட்காருங்கள். இறங்கும்போது விரல்நுனி எஃகில் முட்டினாலோ, குந்தும்போது தொப்பியின் பின்விளிம்பு விரல்களின் மேல் குத்தினாலோ, அதைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த ஜோடியைக் கேளுங்கள்.